பறவூர்: 123 வாக்குகளில் தொடங்கிய வாதம்

கேரளத்தில் ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரி எழுதப்படும் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று கொல்லத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் பரவூர். இன்னொன்று எர்ணாகுளம் மாவட்டத்தில் பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே இருக்கும் பறவூர். மலையாளத்தில் எழுதினால் குழப்பமே இல்லை. ஒன்றுக்கு இடையின ‘ர’, மற்றதற்கு வல்லின ‘ற’. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லாததால், எர்ணாகுளம் பறவூர் ‘வடக்கு பறவூர்’ ஆகிவிட்டது.

ஓர் எழுத்தில் ஊரே மாறிப்போகும் இந்த இடத்தில்தான், ஒரே ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. அதனால் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பதவி பறிபோனது. நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. இன்று தேர்தல் முடிந்ததும் தெருவுக்குத் தெரு நடக்கும் ‘மெஷினை நம்பலாமா, கூடாதா?’ என்ற வாக்குவாதத்தின் பிறந்த வீடு இந்த ஊர்தான். இந்தியாவில் முதன்முதலாக மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் பொத்தானை அமுக்கியவர்கள் பறவூர்க்காரர்கள்.

சாயக்கடை நாடாளுமன்றம்

ஆலுவாவில் ரயிலை விட்டு இறங்கி, மேற்கே போகும் பேருந்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் பறவூர் வந்துவிடும். வழியெல்லாம் தண்ணீர். ஒரு பாலம் முடிந்து மூச்சுவிடுவதற்குள் அடுத்த பாலம். தென்னைக்கு நடுவே ஓட்டு வீடுகள், சீனவலைகள், தேவாலயக் கோபுரம், கோயில் வாசலில் கல்விளக்கு. ஊருக்குள் கடைத்தெரு நெரிசலாக இருக்கும். ஆனால் இரண்டு தெரு தள்ளிப் போனால் அமைதிதான்.

அமைதியாக இல்லாத இடம் சாயக்கடை. கேரளத்தில் டீக்கடை என்பது டீ குடிக்கும் இடம் மட்டுமல்ல என்பது தெரிந்த விஷயம். ஒரே செய்தித்தாள் நான்கு தாள்களாகப் பிரிந்து நான்கு பேர் கையில் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொரியும் பரிப்பு வடையும் இருக்கும். தேர்தல் காலம் என்றால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் மெஷினில் வந்து நிற்கும்.

“பொத்தானை அமுக்கினேன் சேட்டா. விளக்கு எரிஞ்சது, பீப்னு சத்தம் வந்தது. அதுக்கு மேல என்ன வேணும்?” என்பார் இளையவர்.

“விளக்கு எரிஞ்சது உனக்குத் தெரியும் மோனே. உள்ளே எந்தக் கணக்கில் விழுந்ததுன்னு தெரியுமா?” என்பார் பெரியவர்.

“பேங்குல போட்ட பணம் எந்தப் பெட்டியில இருக்குன்னு பார்த்துட்டா வர்றீங்க?”

“பேங்குல பாஸ்புக் குடுக்கிறானே!”

இந்த வாதத்தில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நாடு முழுக்க இப்படிப் பேசுகிறார்கள். பறவூருக்கு மட்டும் ஒரு தனிச்சிறப்பு. இங்கே அது வெறும் பேச்சாக நிற்கவில்லை.

கடனுக்கும் கப்பலுக்கும் ஒரு பத்திரம்

மேலே போவதற்கு முன் ஊரைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடலாம். பறவூருக்கு வடக்கே சில நிமிடப் பயணத்தில் பட்டணம் என்ற சிற்றூர் இருக்கிறது. வீட்டுத் தோட்டங்களுக்கு நடுவே 2007 முதல் அங்கே அகழாய்வு நடந்தது. ரோமானிய மது ஜாடிகளின் ஓடுகள், மணிகள், செங்கல் கட்டுமானங்கள், ஒரு மரத்தோணி எல்லாம் கிடைத்தன. சங்க இலக்கியம் சொல்லும் முசிறித் துறைமுகம் இதுதான் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொன்னார்கள். இன்னொரு சாரார் அவசரப்பட வேண்டாம் என்றார்கள். அந்த வாதமும் முடியவில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு முசிறி அந்நிய ஊர் அல்ல. சேரர்களின் பேரியாற்றில் யவனரின் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149-வது பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் சொல்கிறார். அந்த வாணிகத்துக்கு மறுகரையிலும் ஒரு சாட்சி இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு பாப்பிரஸ் தாள் அது. இப்போது வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் முசிறி வாணிகத்துக்காக வாங்கிய கடனின் ஒப்பந்தம். சரக்கு எந்த வழியாக அலெக்ஸாண்டிரியா போக வேண்டும், கடன் திரும்பாவிட்டால் கடன் கொடுத்தவர் என்ன செய்யலாம் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பல் ஏற்றிவந்த சரக்கின் கணக்கு.

கடலுக்கு அப்பால் இருப்பவரை முகத்தைப் பார்த்து நம்ப முடியாது. அதனால் எழுதி வைத்தார்கள். பின்னால் தகராறு வந்தால் எடுத்துப் பார்க்க ஒரு காகிதம் வேண்டும் என்பது இந்தக் கரையோடு தொடர்புடைய மிகப் பழைய பாடம்.

ஊருக்குள் திரும்பினால் யூதர் தெரு. அதன் முனையில் இருக்கிற ஜெப ஆலயம் 17-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கட்டியவரின் பெயர் தாவீது காஸ்டியல். யூத சமூகத்தின் தலைவராக இருந்த அவருக்கு ‘முதலியார்’ என்று பட்டம்! வழிபட ஆள் இல்லாமல் போன பிறகு, அந்தக் கட்டடத்தைச் சீர்செய்து கேரள யூதர்களின் வாழ்வைக் காட்டும் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். நீண்ட நடைபாதையைத் தாண்டி உள்ளே போனால், மர வேலைப்பாடுகளும் வெளிச்சமும் சேர்ந்து கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்திவிடும்.

நடப்பதற்கு ஒரு போராட்டம்

பறவூருக்குப் பக்கத்துக் கிராமம் சேந்தமங்கலம். கொச்சி மன்னர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அமைச்சர்களாக இருந்த பாலியத்து அச்சன்களின் அரண்மனை இங்கே இருக்கிறது. மரப்படிகளையும் பழைய ஆவணங்களையும் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். வெளியே இருக்கும் சாலையைக் கவனிப்பவர்கள் குறைவு.

அந்தச் சாலையில் தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட சாதியினர் நடக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து நான்கு மாதம்கூட ஆகாத 1947 டிசம்பரில், அதை எதிர்த்துப் பாலியம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. நூறு நாள் அளவுக்கு நீடித்த போராட்டத்தில் பல சாதியினரும் பல கட்சியினரும் சேர்ந்தார்கள். போலீஸ் தடியடியில் ஏ.ஜி. வேலாயுதன் என்ற தொண்டர் உயிரிழந்தார்.

ஒரு தலைமுறைக்கு முன் சாலையில் நடப்பதற்கே உயிரைக் கொடுக்க வேண்டியிருந்த ஊரில், வாக்குச்சாவடிக்கு நடந்துபோவது சாதாரண விஷயமாக இருக்க முடியாது. பறவூர்ப் பக்கத்தில் ஒரு வாக்கைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாகச் சண்டை போட்டதைப் புரிந்துகொள்ள இந்தச் சாலையையும் பார்க்க வேண்டும்.

ஒரு வாக்கின் மதிப்பு தெரிந்தவர்

1982-ஆம் ஆண்டு. கேரளத்தில் கே. கருணாகரனின் அமைச்சரவை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டமன்றத்தில் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் சமமான பலம். வாக்கெடுப்பு சமமாக முடியும்போதெல்லாம் சபாநாயகர் தன் தீர்மான வாக்கைப் போட்டு ஆட்சியைக் காப்பாற்றினார். அந்தச் சபாநாயகர் ஏ.சி. ஜோஸ், காங்கிரஸ்காரர். அந்த ஆண்டு மார்ச்சில் ஆட்சி கவிழ்ந்தது. மே 19-ஆம் தேதி தேர்தல் வந்தது. ஜோஸ் பறவூர் தொகுதியில் நின்றார். அவரை எதிர்த்து இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை.

இதே நேரத்தில் டெல்லியில் வேறொரு யோசனை பழுத்துக்கொண்டிருந்தது. வாக்குச்சீட்டு அச்சடிக்க டன் கணக்கில் காகிதம், எண்ண இரவு பகலாக ஆட்கள், செல்லாத வாக்குகள் ஏராளம். எல்லாவற்றுக்கும் மேலாக, சாவடியைக் கைப்பற்றிச் சீட்டுகளில் முத்திரை குத்திப் பெட்டிக்குள் திணிக்கும் அராஜகம். எஸ்.எல். ஷக்தர் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, இயந்திரம் செய்தால் என்ன என்று ஆணையம் யோசித்தது. 1980-ல் அரசியல் கட்சிகளுக்கு ஒரு மாதிரியைக் காட்டினார்கள். சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த இடம் பறவூர்.

தொகுதியில் 84 வாக்குச்சாவடிகள். அவற்றில் 50-ல் இயந்திரம், மீதி 34-ல் வழக்கமான வாக்குச்சீட்டு. ஒரே நாளில், ஒரே தொகுதியில், ஒரு தெருக்காரர்கள் பொத்தானை அமுக்க, இன்னொரு தெருக்காரர்கள் முத்திரை குத்தினார்கள்.

இந்த ஏற்பாட்டைத் தேர்தலுக்கு முன்பே எதிர்த்தவர் சிவன் பிள்ளை. இயந்திரம் வேண்டாம் என்று கேரள உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார். நீதிமன்றம் தலையிடவில்லை. வாக்குப்பதிவு நடந்தது. எண்ணி முடித்தார்கள்.

சிவன் பிள்ளைக்கு 30,450 வாக்குகள். ஜோஸுக்கு 30,327. வித்தியாசம் 123.

இயந்திரத்தைச் சந்தேகப்பட்டவர் ஜெயித்துவிட்டார்! அவர் வாங்கிய வாக்குகளில் 11,268 காகிதத்தில் விழுந்தவை. மீதி 19,182 இயந்திரத்தில் விழுந்தவை. இப்போது நீதிமன்றப் படியேறும் முறை ஜோஸுக்கு வந்தது. ஒற்றை வாக்கால் ஓர் அமைச்சரவையையே தாங்கிப் பிடித்தவர், 123 வாக்கில் தோற்றதை எளிதில் விட்டுவிடுவாரா?

ஒரு சொல், ஒரு தீர்ப்பு

உயர் நீதிமன்றம் ஜோஸின் மனுவைத் தள்ளியது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். அங்கே நடந்த வாதம் ஒரு பொறியியல் வகுப்பாக இருந்திருக்கும் என்று நினைத்தால் தவறு. இயந்திரம் தப்பாக எண்ணியதா, யாராவது உள்ளே கைவைத்தார்களா என்பதெல்லாம் வழக்கின் மையம் அல்ல. கேள்வி மிக எளிது. இயந்திரத்தைப் பயன்படுத்த யார் அனுமதி கொடுத்தது?

தேர்தலை நடத்தவும் மேற்பார்வை பார்க்கவும் அரசமைப்புச் சட்டத்தின் 324-வது பிரிவு எங்களுக்கு முழு அதிகாரம் தருகிறது, அந்த அதிகாரத்தில்தான் இயந்திரம் வைத்தோம் என்றது தேர்தல் ஆணையம். ஜோஸ் தரப்பு 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தை எடுத்து வைத்தது. அதன் 59-வது பிரிவு வாக்கு ‘பேலட்’ முறையில், விதிகளில் சொன்னபடி அளிக்கப்பட வேண்டும் என்கிறது. விதிகளைத் திறந்தால் வாக்குச்சீட்டு, வாக்குப்பெட்டி என்றுதான் இருக்கிறது. பொத்தானும் விளக்கும் எங்குமே இல்லை.

1984 மார்ச் 5 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி எஸ். முர்தஸா ஃபஸல் அலி. நாடாளுமன்றம் ஒரு விஷயத்தில் சட்டம் இயற்றியிருக்கும்போது அதை மீறி நடக்க ஆணையத்துக்கு அதிகாரம் கிடையாது. சட்டம் சொல்லாத இடத்தில் அது இட்டு நிரப்பலாம், சொன்ன இடத்தில் மாற்றக் கூடாது. ‘பேலட்’ என்ற சொல்லுக்குள் இயந்திரம் அடங்காது. இயந்திர முறை வருவதானால் வாக்காளர்களுக்கு முறையான பயிற்சி தர வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும் என்றும் தீர்ப்பு குறிப்பிட்டது. இயந்திரம் பயன்பட்ட 50 சாவடிகளிலும் தேர்தல் செல்லாது. அங்கே வாக்குச்சீட்டில் மறுபடி நடத்த வேண்டும்.

மறுவாக்குப்பதிவு நடந்தது. இந்த முறை வென்றவர் ஜோஸ்.

படிப்பதற்குச் சுவையான திருப்பம்தான். ஆனால் அந்த 50 சாவடிகளின் வாக்காளர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. வரிசையில் நின்றார்கள், மை வைத்துக்கொண்டார்கள், சொன்ன இடத்தில் அமுக்கினார்கள். இரண்டு ஆண்டுகள் ஒருவர் அவர்களுடைய சட்டமன்ற உறுப்பினராக இருந்த பிறகு, அந்த வாக்கு கணக்கில் இல்லை என்று சொல்லப்பட்டது. இடையில் இறந்துபோனவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், மனம் மாறியவர்கள் இருப்பார்கள். 1982 மே மாதத்தில் அந்த மக்கள் உண்மையில் யாரை விரும்பினார்கள் என்பதை 1984-ல் நடந்த வாக்குப்பதிவு சொல்லிவிட முடியாது. ஒரு முறையைச் சட்டப்படி சரிசெய்யாமல் அவசரமாகக் கொண்டுவந்தால், அதன் விலையைக் கட்டுவது அதிகாரிகளோ வேட்பாளரோ மட்டும் அல்ல. வரிசையில் நின்றவரும்தான்.

தறியில் தெரியும் நியாயம்

இயந்திரம் சரியாக எண்ணியிருந்தால் போதாதா, முறை எப்படி இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சேந்தமங்கலத்து நெசவாளர் வீடுகள் பதில் வைத்திருக்கின்றன.

மெல்லிய பருத்தி நூலில், கரையில் மட்டும் நிறமோ கசவோ ஓடும் வேட்டியும் செட்டு முண்டும் இங்கே புகழ்பெற்றவை. புவிசார் குறியீடும் வாங்கியிருக்கின்றன. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தறிகள் சேற்றில் மூழ்கின. ஓணத்துக்காக நெய்து வைத்திருந்த துணியெல்லாம் வீணானது. கறை போகாத சேலைகளைத் துவைத்து, வெட்டி, ‘சேக்குட்டி’ என்ற சின்னச் சின்ன பொம்மைகளாக்கி விற்றார்கள். பொம்மைகளின் உடம்பில் சேற்றுக்கறை அப்படியே இருந்தது. அதை மறைக்காமல் விற்றதுதான் அழகு.

இங்கேயும் தொழில்நுட்பத்துக்கும் சட்டத்துக்கும் பழைய வழக்கு உண்டு. விசைத்தறியில் ஓடும் துணியைப் பார்த்து, இது கையால் நெய்தது அல்ல என்று எல்லோராலும் சொல்லிவிட முடியாது. விலையும் குறைவு. அப்புறம் கைத்தறிக்காரர் பிழைப்பது எப்படி? அதற்காகத்தான் 1985-ல் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிவைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. வேட்டி, சேலை போன்ற சில ரகங்களைக் குறிப்பிட்ட முறையில் நெய்வது கைத்தறிக்கு மட்டுமே உரியது. துணி ஒன்றுபோலத் தெரியலாம். சட்டம் கேட்பது அது எப்படி நெய்யப்பட்டது என்று.

பறவூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டதும் அதையேதான். முடிவு சரியா என்பது ஒரு கேள்வி. முடிவுக்கு வந்த வழி சரியா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் இல்லாவிட்டால், முதல் கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

பெங்களூரிலிருந்து ஒரு தமிழர்

தீர்ப்புக்குப் பிறகு இயந்திரங்கள் கிடங்குக்குப் போயின. பறவூரை அடுத்து 1982, 83-ல் வேறு சில தொகுதிகளிலும் அவை பயன்பட்டிருந்தன. எல்லாம் நின்றுபோனது. 1988 டிசம்பரில் நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61-ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. வாக்குகளை இயந்திரத்தில் பதிவு செய்யலாம் என்று அது வெளிப்படையாகச் சொன்னது. 1989 மார்ச் 15 முதல் அமலுக்கு வந்தது. ஜோஸ் போட்ட வழக்கு இயந்திரத்தை ஒழிக்கவில்லை. அதற்கு இல்லாதிருந்த சட்டத்தை வாங்கிக் கொடுத்தது.

இந்தக் கதையில் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒருவரும் இருக்கிறார். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இந்த இயந்திரத்தின் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வை பார்த்த பொறியாளர் எஸ். ரங்கராஜன். வார இதழ்களில் கணேஷையும் வசந்த்தையும் நீதிமன்றத்துக்கு அனுப்பி வாதாட வைத்த சுஜாதாதான் அவர்.

1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லியில் 16 தொகுதிகளில் இயந்திரம் மீண்டும் வந்தது. 2001-ல் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, மேற்கு வங்கம் முழுக்க அதுதான். அப்போது இயந்திரம் கூடாது என்று அ.தி.மு.க. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வழக்கு நிற்கவில்லை. தேர்தலில் அதே கட்சி வென்று ஆட்சிக்கு வந்தது. பறவூரில் சிவன் பிள்ளைக்கு நடந்தது தமிழ்நாட்டில் இன்னொரு முறை நடந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் 543 தொகுதிகளிலும் பொத்தான்தான்.

இடைப்பட்ட காலத்தில் சாவடியைக் கைப்பற்றுபவர்களின் வேலை கடினமானது. நிமிடத்துக்கு ஐந்து வாக்குக்கு மேல் வாங்காது என்பதால், காகிதத்தைத் திணிப்பதுபோல் அவசரமாகத் திணிக்க முடியவில்லை. மின்சாரம் இல்லாத கிராமத்திலும் பேட்டரியில் ஓடியது. செல்லாத வாக்கு என்ற பேச்சு மறைந்தது. இவையெல்லாம் உண்மையான லாபங்கள். வாதம் மட்டும் மறையவில்லை.

மறுபடி வந்த காகிதம்

ஜெர்மனியிலும் பறவூர் மாதிரி ஒரு வழக்கு நடந்தது. 2005 நாடாளுமன்றத் தேர்தலில் சில இடங்களில் இயந்திரம் வைத்தார்கள். மோசடி நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் 2009 மார்ச் 3 அன்று அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் தேர்தலின் முக்கியமான கட்டங்களைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. சாயக்கடைப் பெரியவர் கேட்ட ‘பாஸ்புக்’ கேள்விதான் அது.

இந்தியா வேறு வழியில் போனது. 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், நியாயமான தேர்தலுக்குக் காகிதத் தடயம் அவசியம் என்றது. அதற்கு முந்தைய மாதம் நாகாலாந்தின் நோக்சன் இடைத்தேர்தலில் ‘விவிபாட்’ இயந்திரம் முதல்முறையாகப் பயன்பட்டிருந்தது. யாருக்கு வாக்களித்தோம் என்பதைக் காட்டும் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்து, பெட்டிக்குள் விழும். 2019-ல் எல்லாத் தொகுதிக்கும் வந்தது. ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுகளை இயந்திரக் கணக்கோடு ஒப்பிட வேண்டும் என்று அந்த ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும், அல்லது பழையபடி வாக்குச்சீட்டே வேண்டும் என்று வந்த வழக்குகளை 2024 ஏப்ரல் 26 அன்று நீதிமன்றம் தள்ளியது. அத்தோடு நிறுத்தவில்லை. முடிவு வந்த ஏழு நாளுக்குள், இரண்டாவது, மூன்றாவது இடம் பிடித்த வேட்பாளர் எழுதிக் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைப் பொறியாளர்கள் சரிபார்க்க வேண்டும். செலவைக் கேட்டவர் கட்ட வேண்டும். குறுக்கீடு நடந்தது உறுதியானால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

ஜெயித்தவருக்கு எந்த இயந்திரமும் நல்ல இயந்திரம்தான். சோதிக்கும் உரிமை தோற்றவர் கையில் இருப்பதுதான் பொருத்தம். 123 வாக்கில் தோற்று, நீதிமன்ற வாசலில் இரண்டு ஆண்டுகள் காத்திருந்த ஜோஸுக்கு அது நன்றாகவே புரிந்திருக்கும்.

மாலையில் பெரியாற்றின் கிளைகளில் வெளிச்சம் சாயும்போது, கோட்டப்புறம் பக்கமிருந்து சுற்றுலாப் படகுகள் திரும்பும். சாயக்கடையில் பழம்பொரி தீர்ந்திருக்கும். பெரியவரும் இளையவரும் இன்னும் ஒரே பெஞ்சில்தான் இருப்பார்கள். நாளை காலையில் அதே பேப்பரைப் பிரித்துக்கொண்டு மறுபடி தொடங்குவார்கள். ஒருவரை ஒருவர் ஒப்புக்கொள்ள வைத்ததே இல்லை. ஆனால் அடுத்த தேர்தலில் இரண்டு பேரும் வரிசையில் நிற்பார்கள்.

எப்படிப் போவது?

அருகிலுள்ள ரயில் நிலையம் ஆலுவா. விமானத்தில் வருபவர்களுக்கு நெடும்பாசேரி. எர்ணாகுளத்திலிருந்தும் ஆலுவாவிலிருந்தும் பறவூருக்கு அடிக்கடி பேருந்துகள் உண்டு. ஜெப ஆலய அருங்காட்சியகம், பாலியம் அரண்மனை, கோட்டப்புறம், கொடுங்கல்லூர் எல்லாவற்றையும் முசிறி பாரம்பரியத் திட்டத்தின் படகுப் பயணத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். சேந்தமங்கலத்தில் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களில் துணி வாங்கலாம். ஜூன் முதல் மழை கொட்டும். டிசம்பர், ஜனவரி சுற்றுவதற்கு இதமான மாதங்கள்.